ஒரு வருஷ ஷீட்

ஆடி மாதத்தில் எங்கள் போர்டுக் கடைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் வாசலிலேயே ஒரு நொடி தயங்குவார்கள். சுவர் நெடுக போர்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆவணியில் கடை திறக்கப்போகிற சிலர் ஆனியிலேயே வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். "ஆடியில சும்மாதானே இருப்பீங்க, அப்ப பண்ணி வைங்க. ஆனா திறக்கறதுக்கு முன்னாடி பேரை யாரும் படிச்சிடக் கூடாது" என்பார்கள். நாங்களும் செய்து முடித்து, செய்தித்தாள் சுற்றி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவோம். வெளியே காற்று ஊளையிடும். ஓசூரின் ஆடிக் காற்று மழைக்கும் சொந்தமில்லை, வெயிலுக்கும் சொந்தமில்லை, எதையோ தேடிக்கொண்டு அலைவது. ஷட்டர் நடுங்கும்போதெல்லாம் அந்த முதுகுகளும் நடுங்கும். யாரோ திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றும்.

எனக்கு மாதங்கள் நிறங்களாகத்தான் தெரியும். ஆவணி கல்யாணச் சிவப்பு. புரட்டாசி முடிவில் ஆயுத பூஜை, அப்போது சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் அத்தனையும் மஞ்சளாகும். கார்த்திகை மழையில் மை காயாது, வேலையும் காயாது. மார்கழியில் மறுபடியும் வெறுமை. தையில் பொங்கல், காதுகுத்து, கிரகப்பிரவேசம். மாசியில் பாதுகாப்பு வாரம் வரும். தொழிற்சாலைகளுக்கெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக, தலைக்கவசம் போட்ட பொம்மைகளாக அடித்துக் கொடுப்போம். எங்கள் வருஷத்தின் பெரிய அறுவடை அதுதான். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் பருவம் கிடையாது. வேலை இல்லாத நாளில் அடுப்பை எரியவிடுவது அதுதான். சொல்லக் கூசுகிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே எங்கள் வீட்டில் ஒரே ஒரு நேர்கோடு உண்டு. என் மனைவியின் வேலை. சிப்காட்டில் இருசக்கர வண்டிகளுக்கு ஒயர்க் கத்தை கட்டும் ஒரு கம்பெனியில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் லைனில் நிற்கிறாள். விடிகாலை சாம்பல் நிற யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு முனைக்குப் போனால் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஆடியிலும் நிற்கும், மார்கழியிலும் நிற்கும். என் தொழில் கடல் மாதிரி, அவள் வேலை கரை மாதிரி என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். "கரைதான் நின்னுகிட்டே இருக்கணும், காலு வலிக்குது" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். யார் எந்தப் போர்டு கேட்டாலும் முதல் கேள்வி, எத்தனை வருஷத்துக்கு என்பதுதான். ஸ்டிக்கர் ஷீட்டில் ஒரு வருஷம் தாங்குவது உண்டு, மூன்று வருஷம் உண்டு, ஏழு வருஷம் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். வெயிலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். வாடிக்கையாளர் எதைத் தொடுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வாயால் ஆயிரம் சொல்லலாம், கை ஷீட்டைத் தொடும்போது உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். புது மாப்பிள்ளை தான் திறக்கும் கடைக்கு ஏழு வருஷம் கேட்பான். மாமனார் பணத்தில் கடை வைப்பவன் மூன்று வருஷத்தோடு நிறுத்திக்கொள்வான்.

அவள் கம்பெனியின் போர்டுகளையும் நான்தான் செய்கிறேன். அங்கே ஸ்டோர்ஸ் பார்க்கும் ஆள் தெற்கத்திக்காரர், எல்லாரையும் அண்ணாச்சி என்பார். ஓசூர் தமிழுக்குள் அந்த அண்ணாச்சி மட்டும் தனியாகக் கேட்கும். அவர் எப்போதும் ஏழு வருஷ ஷீட்தான் தொடுவார். "நம்மள விட போர்டு நல்லா இருக்கட்டும்" என்று சிரிப்பார்.

போன ஆடியில் ஒரு மத்தியானம் வந்தார். அவசர வழி, தீயணைப்பான், கூடுமிடம், கழிவறை, கேன்டீன் என்று கம்பெனி வளாகத்தில் இருக்கிற எல்லாப் போர்டுகளும் புதிதாக வேண்டுமாம். சர்டிபிகேட் கொடுக்க ஆட்கள் பார்வையிட வருகிறார்களாம். ஆடியில் இவ்வளவு பெரிய ஆர்டரா என்று மனசு துள்ளியது. ஏழு வருஷச் சுருளை இழுத்துப் போட்டேன்.

அவர் கை அதைத் தாண்டிப் போனது.

"இது என்ன, ஒரு வருஷமா?"

"ஆமா. ஆனா உங்களுக்கு இது வேண்டாம் சார், அடுத்த ஆடியில வெளுத்துடும்."

"இது போதும் அண்ணாச்சி."

"வித்தியாசம் பெருசா இல்ல சார், நான் அதே ரேட்ல கூட—"

"போதும்னேன்ல." சிரிக்கவில்லை. ஷீட்டின் ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே போய், காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"குடுகுடுப்பைக்காரரே, ஆடி வந்துடுச்சா? இன்னிக்கு யாருக்கு வாக்கு?"

"விளையாடாதே. கம்பெனி ஒரு வருஷத்துக்கு மேல இங்க இருக்கறதா அவங்க நெனைக்கல."

"போன ஆடியில பேக்கரி மூடப்போறான்னீங்க. அவன் இப்ப மாடி எடுக்கறான். அதுக்கு முந்தின ஆடியில ஆஸ்பத்திரி. அங்க இப்ப ஸ்கேன் மெஷின் வந்திருக்கு. வேலை இல்லேன்னா உங்களுக்கு ஜோசியம் வந்துடும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வெறும் மாதத்தில் மனசு சும்மா இருக்காது. பல்லி சொன்னாலும் அர்த்தம் தேடும்.

"அந்த ஆளுக்கு மேல இருந்து செலவைக் குறைன்னு சொல்லியிருப்பாங்க. இங்க என்ன குறைச்சல், ஓவர்டைம் பாருங்கன்னு சூப்பர்வைசர் கெஞ்சறாரு. மூடறதுன்னு முடிவு கட்டினவன் ஓவர்டைம் குடுப்பானா?"

ஓவர்டைம் இருந்தது உண்மை. அவள் விரல் நுனிகள் சிவந்துபோய் வருவாள்.

ஆவணி வந்தது. செய்தித்தாளை உரித்து, முகங்களைத் திருப்பி, ஒவ்வொன்றாக ஏற்றி அனுப்பினோம். பாரூரிலிருந்து ஒரு கரும்புக்காரர் மகன் கல்யாணத்துக்கு வாசல் வளைவு கேட்டு வந்தார், மாப்பிள்ளை படத்தைவிடத் தன் படம் பெரிதாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து கன்னடத்தை மேலே பெரிதாகப் போட்டுக் கொடுக்கச் சொல்லி வந்தார்கள். எங்கள் கடையில் டிசைன் போடும் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழில் திட்டுவார், கன்னடத்தில் விலை பேசுவார். மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும். வேலை வந்துவிட்டால் பயம் ஒதுங்கி நிற்கும். போய்விடாது. ஷட்டருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்.

புரட்டாசி முடிவில் ஸ்டோர்ஸ்காரர் மறுபடி வந்தார். ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனி ஒவ்வொரு லைனுக்கும் தனி பேனர் கேட்கும். லைன் பெயர், மெஷின் படம், பொரிகடலை வைத்த தட்டு, மேலே சரஸ்வதி. பெண்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் கூட அப்படி ஒரு போட்டோ இருக்கிறது. இந்த முறை அவர் புது ஆர்டர் கொண்டுவரவில்லை. போன வருஷத்துப் பேனர்களைச் சுருட்டி, வண்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வருஷத்தை மட்டும் மாத்தி மேல ஒட்டிடுங்க அண்ணாச்சி."

டிசைன் அம்மா என்னைப் பார்த்தார். பூஜைக்குப் பழைய பேனரா என்கிற பார்வை. நாங்கள் தேதியின் மேல் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகளை ஒட்டி, அதன்மேல் புது எண்ணை ஒட்டினோம். காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி மாதிரி இருந்தது. ஸ்டோர்ஸ்காரர் டீ வேண்டாம் என்றார். எப்போதும் இரண்டு குடிக்கிற ஆள்.

"சார், ஒண்ணு கேட்கலாமா? எங்க வீட்டம்மா உங்க கம்பெனியிலதான் லைன்ல இருக்காங்க."

"தெரியும் அண்ணாச்சி." பேனரை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தார். "நல்ல கைன்னு சொல்வாங்க." அதோடு போய்விட்டார். அவர் சொல்லாமல் விட்டதைத்தான் அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூஜை முடிந்து அவள் பொரியும் ஒரு ஸ்டீல் டப்பாவுமாக வந்தாள். "பழைய பேனர்தான், பார்த்தேன்" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "சிக்கனம்." கொஞ்சம் கழித்து, "நல்ல டப்பாதான் குடுத்திருக்காங்க" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குச் சொன்னதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மார்கழியில் ஓசூர் பனிக்குள் மறைந்துவிடும். நெடுஞ்சாலையில் லாரிகள் தங்கள் சத்தத்தின் பின்னால் வரும். எதிர்க்கடையின் போர்டு, நானே செய்தது, பத்துமணி வரை தெரியாது. அப்படி ஒரு காலையில் பனிக்குள்ளிருந்து ஸ்டோர்ஸ்காரர் நடந்து வந்தார். மரப்பெட்டிகளின் மேல் பெயின்ட் அடிப்பதற்கு அச்சுத் தகடு வேண்டும் என்றார். மெல்லிய பிளாஸ்டிக்கில் உருவத்தை வெட்டிக் கொடுத்தால், அதை வைத்து மேலே ஸ்பிரே அடித்துக்கொள்வார்கள். வேண்டிய உருவங்கள் மூன்று. நனையக் கூடாது என்பதற்குக் குடை. உடையும் என்பதற்குக் கண்ணாடிக் கோப்பை. இந்தப் பக்கம் மேலே என்பதற்கு, மேல் நோக்கிய அம்பு.

"எவ்வளவு பெருசு சார்?"

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினார்.

"இவ்வளவு பெருசாவா? ஒயர் சின்ன அட்டைப்பெட்டியிலதானே சார் போகும்?"

"பொருள் பெருசு அண்ணாச்சி." தரையைப் பார்த்தார். "சீக்கிரம் வேணும். பொங்கலுக்கு முன்னாடி."

வெட்டிக் கொடுத்தேன். வெட்டும் மெஷினின் கத்தி பிளாஸ்டிக்கைக் கீறிக்கொண்டு போகும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்பு விழுந்த இடம் ஓட்டையாக இருந்தது. தகட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்த அம்பு வழியாகப் பனி தெரிந்தது.

அன்றைக்கு அவளிடம் சொல்லும்போது கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ பெருசுன்னு சொன்னீங்க?"

காட்டினேன்.

"நாங்க பண்ற ஒயர்க் கத்தை மடியில வச்சா அடங்கிடும். அவ்ளோ பெரிய பெட்டியில போடற மாதிரி எங்க கம்பெனியில ஒண்ணுதான் இருக்கு." நிமிர்ந்தாள். "மெஷினு."

பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். ஆபீஸில் ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு, டீ கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். சொந்த விருப்பத்தில் நின்றுகொள்கிறேன் என்று தாள். இப்போதே நின்றுகொண்டால் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்களாம். முட்டிவலிக்காரப் பெண்கள், பேறுகாலம் நெருங்கியவர்கள் எல்லாம் சந்தோஷமாகப் போட்டுவிட்டார்கள். நாளைக்கு இவள் முறை.

"நானும் போட்டுடலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "காலு வலிக்குதுன்னு."

"இப்ப?"

"ஓவர்டைம்ல சரக்கு சேர்த்துக்கிட்டு கம்பெனி வேற ஊருக்குப் போவுதுன்னா கம்பெனியே சொல்லட்டும். நானா போறேன்னு நான் ஏன் எழுதிக் குடுக்கணும்?" தண்ணீர் குடித்தாள். "அந்தத் தகட்டை வெட்டிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"ம்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனி பஸ்ஸில் எழுந்து நின்று குடையையும் கோப்பையையும் அம்பையும் கையால் வரைந்து காட்டியிருக்கிறாள். சிலர் சிரித்தார்கள். "உன் வீட்டுக்காரரு போர்டு போடறாரா, குறி சொல்றாரா?" என்று சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாளாம். இன்னொருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் லைனின் கடைசியில் நிற்பவள். ஷெட்டுக்குப் பின்னால் பெட்டி அடிக்கும் மரப்பலகைகள் வந்து இறங்குவதைப் பார்த்திருந்தாள். செய்தித்தாளே கையில் எடுக்காத பெண்கள், ஆபீஸில் நீட்டிய தாளை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்டோர்ஸ்காரர் கேன்டீனில் இவளைப் பார்த்துவிட்டு வேறு மேசைக்குப் போனாராம்.

பொங்கலுக்கு வழக்கத்தைவிட நீளமாக லீவு விட்டார்கள். கம்பெனி நோட்டீஸ் போர்டில் வாழ்த்துகூடப் போட்டிருந்தது. பெண்கள் வாழ்த்தைப் பார்க்கவில்லை, லீவின் நீளத்தைப் பார்த்தார்கள், தினமும் யாராவது போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவது என்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

மாட்டுப் பொங்கலன்று காலை அவள் கோட்டை மாட்டினாள். "லீவு தானே" என்றேன். "எனக்கு லீவு. லாரிக்கு லீவா?" என்றாள். வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பனி இன்னும் கலையவில்லை. கம்பெனி வாசலில் நீளமான ஒரு டிரெய்லர், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேட் பாதி திறந்திருந்தது. உள்ளே மரப்பெட்டிகள், ஆள் உயரத்துக்கும் மேல். அவற்றின் பக்கங்களில் கறுப்புப் பெயின்ட்டில் குடை, கோப்பை, மேல் நோக்கிய அம்பு. என் கைவேலையை நான் இவ்வளவு வெறுத்துப் பார்த்ததில்லை.

அவளுக்கு முன்னாலேயே நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பிறகு ஷேர் ஆட்டோக்களில் வந்தார்கள், புருஷன்மார் வண்டிகளில் வந்தார்கள், பொங்கல் சேலையோடு வந்தார்கள். சிரித்தவளும் வந்தாள். யாரும் கத்தவில்லை. டிரெய்லருக்கு முன்னால், கேட்டின் குறுக்கே, லைனில் நிற்கிற அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். டிரைவர் ராஜஸ்தான்காரர் போலிருந்தது. இறங்கி வந்து பார்த்துவிட்டு, இன்ஜினை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு நிசப்தம். செக்யூரிட்டி மட்டும் போனில், "மேடம்ங்க உக்காந்துட்டாங்க சார், ஆமா சார், எல்லாரும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி எழுந்து என்னிடம் வந்தாள்.

"ஒரு பேனர் வேணும். மெஷினை எடுத்துட்டுப் போனா எங்களை எங்க எடுத்துட்டுப் போவீங்கன்னு எழுதுங்க. தமிழ், கன்னடம், இங்கிலீஷ். முதலாளி எதுல படிப்பான்னு தெரியாது."

"நான் அடிச்சேன்னு தெரிஞ்சா சிப்காட்ல—"

"அடிப்பீங்களா, மாட்டீங்களா?"

கடையைத் திறந்தேன். டிசைன் அம்மா லீவிலும் வந்தார், ஈரத்தலையோடு. நாங்கள் அடிக்கிற எந்தப் பேனருக்கும் கீழ் மூலையில் கடையின் பெயரும் போன் எண்ணும் சின்ன எழுத்தில் போகும். யார் பார்த்தாலும் அடுத்த ஆர்டர் வரட்டும் என்று. அவர் மூன்று மொழியையும் அடுக்கி முடித்துவிட்டு, மவுஸை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அண்ணா, இதை எடுத்துடவா?"

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தது. எடுத்தாலும் இந்த ஊரில் எந்தக் கடையின் எழுத்து என்று எல்லா ஸ்டோர்ஸ்காரர்களுக்கும் தெரியும். எடுத்தால், நான் பயந்து எடுத்ததை என் மனைவி மட்டும்தான் கவனிப்பாள்.

"இருக்கட்டும்மா."

"இருக்கட்டுமா?" என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார், பிரின்ட் கொடுத்தார்.

தை முழுக்க அவர்கள் ஷிஃப்ட் மாதிரியே மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். தாசில்தார் வந்தார், லேபர் ஆபீஸிலிருந்து வந்தார்கள், பேசுவோம் என்றார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிகள் உள்ளே அப்படியே நிற்கின்றன. டிரெய்லர் போய்விட்டது, ஆனால் தினமும் ஒரு கார் மெதுவாக வந்து, மெதுவாகப் போகிறது. ஸ்டோர்ஸ்காரரை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்கிறார்கள், கம்பெனியின் இன்னொரு ஆலைக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

இப்போது மாசி. பாதுகாப்பு வாரம் நெருங்குகிறது. இந்நேரம் போன் சூடாகி இருக்க வேண்டும், பச்சை மை தீர்ந்துபோய் பெங்களூருக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும். போன் மேசையில் கிடக்கிறது. இரண்டு கம்பெனிகளுக்கு நானே கூப்பிட்டேன். ஒருவர், "இந்த வருஷம் நாங்களே பார்த்துக்கறோம் சார்" என்றார். இன்னொருவர் எடுக்கவில்லை. குந்தாரப்பள்ளியில் மாட்டுத்தீவனக் கடை வைக்கும் ஒருவர் மட்டும் வந்து ஒரு சின்ன போர்டு கேட்டுவிட்டுப் போனார். டிசைன் அம்மா கீபோர்டைக் கவிழ்த்துத் தூசு தட்டுகிறார், காலையில்தான் தட்டினார்.

சாயங்காலம் மனைவி கம்பெனி வாசலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன் ஏன் அடிக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பேனரை ஒரு பக்கம்தான் கட்டியிருக்கோம்" என்றாள். "பாகலூர் ரோட்டுப் பக்கமிருந்து வர்ற கம்பெனி பஸ்காரங்களுக்குத் தெரியலையாம். அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு வேணும்."

டிசைன் அம்மா மவுஸைக் கீழ் மூலையில், கடையின் பெயர் மேல் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் பெருசாவே போடுங்கம்மா" என்றேன்.